"அந்த இடத்தில் அம்மாதான் இருப்பார்"

கேள்வி: கோண்டாவிலில் மனைவி, நான்கு வயது மகள், அம்மா ஆகியோருடன் வசிக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மாதம் ஒரு முறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக். ஓட்டோவில் ஏறி இறங்கப் பெரும் சிரமப்படுகிறார். சுவிஸில் இருக்கும் அக்கா அனுப்பிய பணத்துடன் என் சேமிப்பையும் சேர்த்து வாங்குவதற்கு 2017ஆம் ஆண்டின் சுசுகி வேகன் ஆர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சந்தை விலையைவிடப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் குறைவு. முன்பக்கம் அடிபட்டு, காப்புறுதி நிறுவனம் முழுச் சேதம் என்று கழித்துவிட்ட கார் அது என்றும், பிறகு கராஜில் திருத்தியதாகவும் விற்பவரே ஒளிக்காமல் சொன்னார். நண்பனுடன் சென்று ஓட்டிப் பார்த்தேன். நேராக ஓடுகிறது, சத்தமில்லை, பெயின்ட் புதிது. முன் இடப்பக்க சீட் பெல்ட் மட்டும் இழுத்தால் வராமல் சிக்கி நிற்கிறது. அது சிறிய வேலை. அந்த இடத்தில் அம்மாதான் இருப்பார், அவர் எப்படியும் பெல்ட் போடமாட்டார். மற்றப்படி குறை இல்லை. வாங்கலாமா?
— எஸ்., கோண்டாவில்

பதில்: தம்பி, அடிபட்ட காரை மலிவாக வாங்கலாமா என்ற கேள்வி இந்தப் பகுதிக்கு அடிக்கடி வருகிறது. விலை எழுதுவார்கள், நிறம் எழுதுவார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுவார்கள். நீர் அவற்றோடு இன்னொன்றும் எழுதியிருக்கிறீர். "அந்த இடத்தில் அம்மாதான் இருப்பார், அவர் எப்படியும் பெல்ட் போடமாட்டார்." இதை எழுதிய கையாலேயே அடுத்ததாக "மற்றப்படி குறை இல்லை" என்று எழுத உமக்கு எப்படி மனம் வந்தது?

கார் வாங்குவதே அம்மாவுக்காக என்கிறீர். அந்தக் காரில் பழுது என்று உமது கண்ணிலேயே பட்ட ஓர் ஆசனம் இருக்கிறது. அதைத்தான் அம்மாவுக்கு ஒதுக்கியிருக்கிறீர். சிக்கியது உமது பக்கத்துப் பெல்ட் என்றால் சிறிய வேலை என்று விட்டிருப்பீரா? அங்கே உமது மனைவி இருப்பதாக இருந்தால் அவருடைய தகப்பனாரிடம் இப்படிச் சொல்லியிருப்பீரா? வயது போனவர், பிடிவாதக்காரர், சொன்னால் கேட்கமாட்டார் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர். அந்த முடிவு உமக்குப் பன்னிரண்டு இலட்சம் மிச்சமாக்கித் தருகிறது. நீர் கெட்ட பிள்ளை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விலை கண்ணை மறைத்துவிட்டது.

அந்தப் பெல்ட் ஏன் சிக்குகிறது என்று யாரிடமாவது கேட்டீரா? கார் சரிவான நிலத்தில் நின்றாலும் பெல்ட் இறுகும், உள்ளே அழுக்கு சேர்ந்தாலும் இறுகும். ஆனால் முன்பக்கம் மோதிக் கழிக்கப்பட்ட காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேறு. இந்த வகைக் கார்களில் முன் பெல்ட்டின் சுருளோடு சிறிய வெடிமருந்துக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பலமாக மோதும்போது அது வெடித்து, கண் இமைப்பதற்குள் பெல்ட்டை இறுக்கி, ஆளை ஆசனத்தோடு பிடித்துக்கொள்ளும். அது ஒரு முறைதான் வேலை செய்யும். வெடித்த பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் இழுத்தால் வராது, வந்தால் திரும்பிச் சுருளாது. புதுப் பெயின்ட் மறைத்ததை அந்தப் பெல்ட் உமக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறது. நீர் பார்த்துவிட்டுக் கடந்து வந்திருக்கிறீர்.

பெல்ட்டையே மாற்றாதவர் எயார் பேக்கை மாற்றியிருப்பார் என்று எதை வைத்து நம்புகிறீர்? பெல்ட்டைவிட அதற்குச் செலவு கூட. வெடித்த எயார் பேக்கை எடுத்துவிட்டு, மூடியை ஒட்டி, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி வயரை மாற்றிவிடும் கராஜ்காரர்களும் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் எயார் பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தாலும் பிழை, ஒரு முறைகூட எரியாவிட்டாலும் பிழை. இரண்டாவதுதான் மோசமானது, ஏனென்றால் அது யாரோ வேண்டுமென்று செய்த வேலையாக இருக்கலாம். நீர் சத்தம் கேட்டீர், பெயின்ட் பார்த்தீர். இந்த விளக்கைப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை.

பெல்ட்டை மாற்றித் தந்தால் வாங்கலாமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். உடைத்து விற்ற காரிலிருந்து கழற்றிய ஒரு பெல்ட்டைப் பூட்டித் தருவார், நீரும் திருப்தியாகிவிடுவீர். இரும்பை என்ன செய்வீர்? நேராக ஓடுகிறது என்றால் சில்லுகளை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முன்பக்கச் சட்டம் மோதலில் ஓர் ஒழுங்கில் மடங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அதில் உயர் வலுவுள்ள உருக்கு இருக்கிறது. மடங்கியதைச் சூடாக்கி இழுத்து நேராக்கினால் பார்வைக்கு நேராகிவிடும், பழைய வலு திரும்பாது. நல்ல டிங்கர் வேலைக்காரரின் கைக்குக்கூட அது இயலாத காரியம். அடுத்த முறை அந்தக் கார் எதிலாவது மோதினால், அடி இரும்பில் நிற்காமல் உள்ளே இருப்பவர் வரைக்கும் வரும்.

உள்ளே யார் இருப்பார்கள்? மகள் எங்கே இருப்பாள் என்று நீர் எழுதவே இல்லை. நான் சொல்கிறேன், அப்பம்மாவின் மடியில். யாழ்ப்பாணத்தில் எந்த வீதியில் நின்று பார்த்தாலும் அதுதான் காட்சி. முன் ஆசனத்தில் அப்பம்மாவோ அம்மம்மாவோ, மடியில் பிள்ளை, பிள்ளையின் கை டாஷ்போர்டில். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 15 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்து வைக்க 200 கிலோவுக்கு மேல் தாங்கும் பலம் வேண்டும். பயில்வானுக்கும் முடியாது, முழங்கால் வருத்தக்காரியான உமது அம்மாவுக்கா முடியும்? அவருக்குப் பெல்ட் இல்லை என்றால் அவரும் அந்தப் பிள்ளையின் மேலேயே விழுவார். எந்தக் கார் வாங்கினாலும் மகளின் இடம் பின்பக்கம், அவள் வயதுக்கு ஏற்ற பிள்ளை ஆசனத்தில். இதில் அம்மாவின் சொல்லையும் கேட்க வேண்டாம், மகளின் அழுகையையும் கேட்க வேண்டாம்.

அம்மா பெல்ட் போடமாட்டார் என்கிறீரே, ஒரு நாளாவது நீர் போட்டுவிட்டீரா? சேலை கசங்கும், கழுத்தை அறுக்கும், நான் என்ன சின்னப் பிள்ளையா என்று எல்லா அம்மாமாரும் சொல்வதைத்தான் அவரும் சொல்லியிருப்பார். கீழ்ப் பட்டியை வயிற்றின் மேல் விடாமல் இடுப்பு எலும்பின் மேல் இறக்கி, மேல் பட்டியை நெஞ்சின் குறுக்கே, தோளின் நடுவே கொண்டுவந்து பூட்டினால் கழுத்தை அறுக்காது. இதை ஒரு மகன் குனிந்து செய்துவிட்டால் எந்தத் தாயும் கையைத் தட்டிவிடமாட்டார். பெற்றவருக்குச் செய்வது கார் வாங்கிக் கொடுப்பதோடு முடிவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவருடைய எலும்பைக் காப்பதும் அதற்குள் அடக்கம். வயதானவரின் நெஞ்செலும்பு லேசில் முறியும், முறிந்தால் லேசில் பொருந்தாது. முன் ஆசனத்தில் இருப்பவர் பெல்ட் அணிய வேண்டும் என்பது நமது நாட்டில் 2011இலிருந்து சட்டமும்கூட. பொலிஸ்காரர் மறித்தால் போடவைப்பீர் அல்லவா?

விற்பவர் ஒளிக்காமல் சொன்னதை ஒரு பெருந்தன்மையாக எழுதியிருக்கிறீர். முழு உண்மை சொல்பவர் என்றால் திருத்துவதற்கு முன் எடுத்த படங்களைக் காட்டட்டும். எயார் பேக், பெல்ட் வாங்கிய பற்றுச்சீட்டுகளைக் காட்டட்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது, இரும்புக்குப் போக வேண்டியவற்றையும் திருத்தி விற்றால் இலாபம் என்றாகிவிட்டது. திருத்திய கார் எல்லாமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கதவும் விளக்கும் பம்பரும் மட்டும் போன பழைய காரைக்கூட, உதிரிப்பாகச் செலவு காரின் பெறுமதியை நெருங்குகிறது என்று காப்புறுதி நிறுவனம் கழித்துவிடும். படமும் பற்றுச்சீட்டும் இருந்து, தனக்கு இதில் இலாபமில்லாத ஒரு மெக்கானிக் காரை உயர்த்திக் கீழே பார்த்துச் சரி என்று சொன்னால் அப்படிப்பட்டதை வாங்கலாம். உமது நண்பனின் கண் அதற்குப் போதாது.

காப்புறுதி பற்றியும் நீர் யோசித்ததாகத் தெரியவில்லை. முழுக் காப்புறுதிக்கான முன்மொழிவுப் படிவத்தில் பழைய சேதத்தை மறைத்தால், நாளை நட்டஈடு கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். மறைக்காமல் எழுதினால் எடுப்பார்களா, எவ்வளவுக்கு எடுப்பார்கள் என்று முற்பணம் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் போதும் என்றால், ஏ9 வீதியில் இரவில் மாடு குறுக்கே வந்து உமது கார் நொறுங்கினால் உமக்கு ஒரு சதமும் வராது.

அக்காவுக்கு இது கழித்த கார் என்று தெரியுமா? தெரியாது என்றால் இன்றைக்கே தொலைபேசியில் சொல்லும். அது அவருடைய பணம், அவருக்கும் அவர் அம்மாதான். சிக்கிய பெல்ட்டையும் சேர்த்துச் சொல்லும், அவர் என்ன சொல்கிறார் என்று கேளும்.

என் பதில், இந்தக் காரை வாங்க வேண்டாம். வேகன் ஆரின் ஆசனம் உயரம், முழங்கால் வருத்தக்காரருக்கு ஏறி இறங்கச் சுகம் என்பது எனக்குத் தெரியும். அதே வகையில் இன்னும் நான்கைந்து வருடம் பழையதாக, அதிகம் ஓடியதாக, ஆனால் அடிபடாததாகத் தேடும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறி இறங்கும் பவர் ஷட்டரும் பளபளப்பும் குறைந்தால் குறையட்டும். மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்கு அடுத்த கிழமையே கார் வாங்கியாக வேண்டும் என்ற அவசரம் இல்லை, அதுவரை அன்றைக்கு மட்டும் வாடகைக் கார் பிடியும். இனிக் கார் பார்க்கப் போகும்போது நண்பனை விட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிச் செல்லும். முன் ஆசனத்தில் இருத்தி, பெல்ட்டை உமது கையால் இழுத்துப் பூட்டிப் பாரும். பூட்டாத காருக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.