பழைய காரில் வேக்குவம் அட்வான்ஸை எப்படிச் சரிசெய்வது? குழாயைக் கழற்றியே விட்டுவிடலாமா?

கேட்டவரின் நிலைமை இது: 1960களில் செய்யப்பட்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டர்களுக்கு முறைப்படி ஸ்பார்க்கைப் பகிர்ந்தனுப்பும் பகுதி). சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது வண்டி விட்டுவிட்டு இழுக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள சிறு நட்டைத் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. எஞ்சினின் வெற்றிடத்தால் ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும் அமைப்புதான் வேக்குவம் அட்வான்ஸ். அதற்குப் போகும் குழாயைக் கழற்றி அடைத்தால் குலுக்கல் நின்றுவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

விட்டுவிடாதீர்கள். குழாயைக் கழற்றியதும் குலுக்கல் நிற்கிறது என்றால், கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எஞ்சினே காட்டிக்கொடுத்துவிட்டது. இனி தேட வேண்டிய இடம் மிகச் சிறியது.

அந்த நட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் அது. அந்தக் குழாய் வந்து சேரும் வேக்குவம் பெட்டியின் தண்டு வெளியே வரும் முனையில் விளிம்பு சொரசொரப்பாக வெட்டப்பட்ட நட்டு இருக்கும். பக்கத்தில் ஏ, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். பெட்டியோடு சேர்ந்திருப்பதால் அது வேக்குவம் அட்வான்ஸைக் கூட்டிக் குறைப்பது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதைத் திருப்பினால் பெட்டியும் பாயின்ட் தட்டும் (திறக்கும்போது ஸ்பார்க்கை வரவைக்கும் தொடுமுனைகள் இருக்கும் தட்டு) சேர்ந்து நகர்கின்றன. மாறுவது அடிப்படை டைமிங், அதாவது ஸ்பார்க் எப்போது வரும் என்பதன் தொடக்க அளவு. ஏ பக்கம் திருப்பினால் ஸ்பார்க் முன்கூட்டி வரும், ஆர் பக்கம் திருப்பினால் தாமதமாகும். நீங்கள் ஏ பக்கம் திருப்பியிருந்தால், எல்லா வேகத்திலும் எல்லாச் சுமையிலும் சில டிகிரி கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. வேறு எதையும் தொடும் முன் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வேக்குவம் அட்வான்ஸ் எதற்கு என்பது புரிந்தால் சரிசெய்வது எளிது. சிலிண்டரில் உள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை ஒரே நொடிப்பில் எரிந்துவிடுவதில்லை. எரிய நேரம் பிடிக்கிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் எரிபொருளின் பலன் முழுமையாகக் கிராங்குக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போகும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் ஓடும்போது ஒரு மில்லிவிநாடிக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. ஆகவே ஸ்பார்க் முன்னதாகவே வந்தாக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் வேகத்தைப் பொறுத்து இதைச் செய்கின்றன. ஆனால் அவற்றுக்குச் சுமை தெரியாது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. அது அடர்த்தியில்லாமல் மெதுவாக எரிகிறது. அதற்கு இன்னும் முன்னதாகத் தீ வைக்க வேண்டும். அந்தக் கூடுதல் முன்னேற்றத்தைத் தருவதுதான் வேக்குவம் பெட்டி. அதற்குள் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு இருக்கிறது. மேனிஃபோல்டில் (கலவை சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்) வெற்றிடம் அதிகமாக இருந்தால் சுமை குறைவு என்று பொருள். டயாஃப்ரம் இழுபட்டு, பாயின்ட் தட்டை ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புகிறது. மேடேறும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமல் போய், தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. இதனால்தான் குழாயைக் கழற்றினால் இழுவை கூடும் என்று சொல்வதில் பொருளில்லை. முழு மிதிப்பில் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். லேசான மிதிப்பில்தான் வித்தியாசம் வரும்: அது இல்லாவிட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், எஞ்சின் சூடாக ஓடும், மிதித்ததும் வண்டி எழாமல் சோம்பும்.

இப்போது என் அனுபவம். நான் வைத்திருந்த பழைய காரிலும் இதே தொல்லை. முழு மிதிப்பில் நன்றாக ஓடும், நின்ற இடத்திலும் ஒழுங்காக ஓடும், நடுத்தர வேகத்தில் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். கலவை வறண்டுவிட்டது, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிட்டது என்று முடிவுகட்டி கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துக் கழுவினேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, குழாயை வாயில் வைத்து உறிஞ்சியபடியே உள்ளே பார்த்தேன். தட்டு நகர்ந்தது. அதோடு சேர்ந்து தட்டிலிருந்து உடலுக்குப் போகும் மெல்லிய எர்த் கம்பியும் வளைந்தது. அதன் துணி உறை பார்வைக்கு முழுதாக இருந்தது. விரலால் நெருடியபோது நடுவில் ஓரிடம் மட்டும் நூல்போலத் தொய்ந்திருந்தது. உறையைக் கீறிப் பார்த்தால், உள்ளே பின்னிய செம்பு இழைகளில் இரண்டு மட்டும் மிச்சம், மற்றவை அறுந்து கருத்திருந்தன. தட்டு இழுபடும்போதெல்லாம் அந்த இரண்டு இழைகளும் விலகி, ஸ்பார்க் தடைபட்டிருக்கிறது. குழாயைக் கழற்றினால் தட்டு அசையாது, கம்பி வளையாது, தொல்லையும் வராது. ஒரு துண்டுப் பின்னல் கம்பியைப் பற்றவைத்ததும் வண்டி பட்டாக ஓடியது. இத்தனை நாள் கார்புரேட்டரைக் குறைசொன்னேனே என்று வருத்தமாக இருந்தது. உங்கள் அறிகுறி அப்படியே இதனோடு பொருந்துகிறது. பாயின்ட்டுக்கு வரும் மின்கம்பியும் இதே போல வளைந்து வளைந்து அறுபடும், இரண்டையும் பாருங்கள்.

உறிஞ்சிப் பார்க்கும் சோதனையை நீங்களும் செய்யலாம். உறிஞ்சிவிட்டு நாக்கால் குழாயை அடையுங்கள். நாக்கை எடுக்கும்வரை தட்டு நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கை வேக்குவம் பம்பு இருந்தால் இன்னும் நல்லது: வெற்றிடத்தை 15 அங்குலப் பாதரச அளவுக்கு இழுத்து வைத்தால் அரை நிமிடமாவது முள் இறங்காமல் நிற்க வேண்டும். தட்டு விக்கி விக்கி நகர்ந்தால் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், பாயின்ட்டில் படாமல்.

இவை எல்லாம் நன்றாக இருந்தும் குலுக்கல் தொடர்ந்தால்தான் அளவுகளுக்குப் போக வேண்டும். முதலில் பாயின்ட் இடைவெளி. அது மாறினால் டைமிங்கும் மாறும், எனவே வரிசையை மாற்றாதீர்கள். பிறகு குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து முனையை அடைத்துவிட்டு, டைமிங் லைட் வைத்து அடிப்படை டைமிங்கைக் காருக்குரிய கையேட்டின்படி வையுங்கள். அடைக்க மறந்தால் அந்த வழியே காற்று நுழைந்து கலவை வறண்டு, அளவீடே பொய்யாகிவிடும்.

லூகாஸ் பெட்டிகளில் 5-17-10 என்பதுபோல மூன்று எண்கள் பொறித்திருக்கும். 5 அங்குல வெற்றிடத்தில் இழுக்கத் தொடங்கும், 17 அங்குலத்தில் முழுதாக இழுத்துவிடும், அப்போது டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி என்று பொருள். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது 20 டிகிரி. அடிப்படை 8, எடைகள் தருவது 24 என்று வைத்துக்கொண்டால் லேசான மிதிப்பில் மொத்தம் 52 டிகிரி. நிறைய பழைய எஞ்சின்களுக்கு 45 முதல் 50 வரை இதமாக இருக்கும். அதைத் தாண்டும்போது விட்டுவிட்டு இழுக்கும் தொல்லை தலைகாட்டலாம். நட்டைத் திருப்பி நீங்கள் சேர்த்த டிகிரிகளும் இந்தக் கூட்டலில்தான் போய்ச் சேர்கின்றன.

25டி4 பெட்டியின் ஸ்பிரிங்கை வெளியிலிருந்து மாற்ற முடியாது. அளவு பொருந்தாவிட்டால் வேறு எண்கள் கொண்ட பெட்டியை மாட்ட வேண்டியதுதான். வேறு சில டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு, குழாய் மாட்டும் மூக்கு வழியாக 3/32 அங்குல ஆலன் கீயை நுழைத்துத் திருகும் பெட்டிகள் உண்டு. அந்தத் திருகு மாற்றுவது எத்தனை அங்குலத்தில் இழுக்கத் தொடங்கும் என்பதையே. மொத்தம் எத்தனை டிகிரி என்பதைத் தண்டின் தடைதான் முடிவு செய்கிறது. எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்று யாரையும் கேட்காதீர்கள், பெட்டிக்குப் பெட்டி மாறும். பம்பை மாட்டி, ஒரு சுற்றுத் திருப்பி, முள்ளையும் தட்டையும் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழாயை மேனிஃபோல்டில் மாட்டுவதா, கார்புரேட்டரின் துளையில் மாட்டுவதா என்ற சண்டை ஓயாதது. கார்புரேட்டர் துளை திராட்டில் தகட்டுக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) சற்று மேலே இருப்பதால் ஐடிலில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, அங்கே வெற்றிடம் இல்லை. தகடு கொஞ்சம் திறந்ததும் இரண்டும் ஒன்றுதான். எஞ்சின் மாற்றப்படாமல் இருந்தால் தயாரித்தவர் வைத்த இடத்திலேயே மாட்டுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மேனிஃபோல்டில்தான் மாட்ட வேண்டுமானால் ஒரு கணக்கு உண்டு: ஐடிலில் இருக்கும் வெற்றிடத்தைவிட 2 அங்குலமாவது குறைவான அளவிலேயே பெட்டி முழுதாக இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுழற்சி சற்றுத் தளரும்போது வெற்றிடம் குறையும், அட்வான்ஸ் பின்வாங்கும், அதனால் சுழற்சி இன்னும் விழும். ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஓட்டிப் பாருங்கள். மேட்டில் முழு மிதிப்பில் நாக்கிங் (எஞ்சினில் தட்டுவது போன்ற சத்தம்) கேட்டால் வேக்குவம் பெட்டியைத் தொடாதீர்கள், அடிப்படை டைமிங்கைக் குறையுங்கள். லேசான மிதிப்பில் மட்டும் கேட்டால் பெட்டி கூடுதலாக இழுக்கிறது. பெட்டியில் பொறித்துள்ள மூன்று எண்களையும், ஐடிலில் வேக்குவம் அளவி காட்டும் எண்ணையும் இங்கே எழுதுங்கள். எந்தப் பெட்டி பொருந்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் அந்த எர்த் கம்பியை விரலால் நெருடிப் பார்த்துவிடுங்கள்.