டிராம்கள் நின்ற பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு குறிப்பில் பிரிட்டிஷ் பாடகர் ராபின் ஹிட்ச்காக்கை மிக உயர்வாகச் சொல்லியிருந்தீர்கள். தேடிப்பிடித்து இரண்டு இரவுகள் கேட்டேன். தவளை, குளவி, மீன், செத்துப்போன மனைவி. குரல் பிடித்திருந்தது, சொற்கள் ஒட்டவே இல்லை. போதையின் உளறலைத்தான் சைக்கடெலிக், அதாவது கனவுமயக்க இசை, என்று கொண்டாடுகிறோமோ என்று தோன்றிவிட்டது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பாடியும் பெரும்புகழ் வரவில்லையென்றால் அதற்கும் காரணம் இருக்குமல்லவா?

ச., கோவை

அன்புள்ள ச.,

அந்தச் செத்துப்போன மனைவியிலிருந்தே தொடங்குகிறேன். 1985இல் 'ஃபெக்மேனியா' இசைத்தட்டில் வந்த பாட்டு அது. ஒரு வீட்டில் ஒருவன் இரண்டு மனைவியரோடு இருக்கிறான். ஒருத்தி உயிரோடு இருப்பவள், மற்றவள் இறந்துபோனவள். இறந்தவள் அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாள். இரண்டு பேருக்குக் காப்பி போடப் போனவன் மூன்று கோப்பையோடு திரும்பி வருகிறான். முதல் தடவை சிரிப்பு வரும். ஆனால் சாவு விழுந்த வீட்டில் பழக்கதோஷத்தில் ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைத்துவிட்டு அப்படியே நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். உளறுகிறவனுக்கு அந்த மூன்றாவது கோப்பை தோன்றாது.

இன்னொன்று. அவருடைய அப்பா ரேமண்ட் ஹிட்ச்காக் நாவலாசிரியர், ஓவியர், இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டவர். அவர் 1992இல் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த 'ரெஸ்பெக்ட்' தொகுப்பின் முதல் பாட்டு, யிப் யிப் என்று பொருளற்ற ஒலியோடு தலைதெறிக்க ஓடுகிறது. நடுவே வேரா லின்னின் பெயர் வரும். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகப் பாடியவர் அவர். சாகக் கிடக்கும் பழைய சிப்பாய் ஒருவரின் படுக்கையருகே மகன் நிற்கும் பாட்டு அது என்று புரிந்ததும் அந்த வேகம் வேறாகக் கேட்கிறது. நின்றால் அழுகை வந்துவிடும் என்று ஓடுகிற வேகம். ஒப்பாரியில் எத்தனையோ வகை உண்டு, இதையும் அதில் சேர்ப்பேன்.

நீங்கள் இன்னும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நான் ஊகிப்பது 1984இல் வந்த 'ஐ ஆஃபன் ட்ரீம் ஆஃப் ட்ரெயின்ஸ்'. அதற்கு முந்தைய தொகுப்பில் மனம் கசந்து மேடையிலிருந்து ஒதுங்கியிருந்த காலத்துக்குப் பின் செய்தது. பெரும்பாலும் கிட்டாரும் பியானோவும் அவர் குரலும்தான். அதில் பழைய லண்டன் டிராம்களைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. ஊர்ப் பெயர்களை மெல்ல உச்சரித்தபடி போகும், யாரோ நேற்றுவரை அதில் ஏறி இறங்கியதுபோல. லண்டனில் கடைசி டிராம் ஓடியது 1952 ஜூலையில். ஹிட்ச்காக் பிறந்தது 1953 மார்ச்சில். எட்டு மாதத்தில் தவறவிட்ட ஒன்றை அவர் நினைவுகூர்கிறார்.

எனக்கு அவருடைய மொத்த வாழ்வுமே இந்த எட்டு மாதத்தில் இருப்பதாகப் படுகிறது. சைக்கடெலிக் இசை உச்சத்தில் இருந்த 1967இல் அவருக்கு வயது 14, வின்செஸ்டரில் விடுதி மாணவன். வெளியே நடந்த கொண்டாட்டம் இசைத்தட்டுகள் வழியாகத்தான் உள்ளே வந்தது. 1976இல் கேம்பிரிட்ஜில் அவருடைய 'சாஃப்ட் பாய்ஸ்' குழு உருவானபோது, அவ்வூர்க்காரரும் அவருடைய ஆதர்சங்களில் ஒருவருமான, பிங்க் ஃபிளாய்ட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் இசையை விட்டே விலகிவிட்டிருந்தார். ஊரெங்கும் பங்க் என்ற முரட்டு ராக் இசை வந்துகொண்டிருந்தது. பின்னிப் பிணையும் இரட்டைக் கிட்டாரும் கூட்டுக்குரலும் யாருக்கும் வேண்டாத நேரத்தில் இவர்கள் அதைச் செய்தார்கள். பந்தி எடுத்த பிறகு இலை போட்டவர்கள். 1980இல் 'அண்டர்வாட்டர் மூன்லைட்' வந்தது, அதோடு குழுவும் சிதறியது.

புகழ் பற்றிக் கேட்டீர்கள். அந்தத் தொகுப்பை அட்லாண்டிக்கின் மறுகரையில் இளைஞர்கள் சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான, அமெரிக்க ராக் குழு ஆர்.இ.எம்.மின் பீட்டர் பக் பிற்பாடு ஹிட்ச்காக்கின் தொகுப்புகளில் கிட்டார் வாசித்தார், 'வீனஸ் 3' என்ற குழுவாகக் கூடவே மேடையேறினார். சாஃப்ட் பாய்ஸில் உடனிருந்த கிம்பர்லி ரியூ எழுதிய பாட்டு 1997இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் பிரிட்டனுக்கு வெற்றி வாங்கித் தந்தது. ஹாலிவுட் இயக்குநர் ஜோனதன் டெம்மி நியூயார்க்கில் ஒரு கடையின் கண்ணாடி முகப்பில் ஹிட்ச்காக்கை நிறுத்திப் பாடவைத்து ஒரு முழுப்படமே எடுத்தார், 1998இல் வெளியானது. அவர் பாடிக்கொண்டிருக்க, பின்னால் தெருவில் ஆட்கள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். சிலர் மட்டும் நின்று எட்டிப் பார்ப்பார்கள். கேட்பவர்கள் அவருக்கு எப்போதும் இருந்திருக்கிறார்கள் நண்பரே, அலையலையாக வந்ததில்லை, அவ்வளவுதான்.

2024இல், எழுபதைத் தாண்டிய வயதில், 1967ஆம் ஆண்டைப் பற்றியே ஒரு நினைவுநூல் எழுதினார். கூடவே அந்த ஆண்டின் பாட்டுகளைத் தானே பாடி ஒரு தொகுப்பும் வெளியிட்டார். அந்தப் பதினான்கு வயதுப் பையன் காதை வைத்திருந்த இடத்திலிருந்து இன்னும் எடுக்கவில்லை. இதைப் பிடிவாதம் என்பார்கள், நான் விசுவாசம் என்பேன்.

1984 தொகுப்பை ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகக் கேளுங்கள். டிராம் பாட்டை இரண்டு தடவை. சில நாள் கழித்து அப்பாவைப் பற்றிய பாட்டு. தவளையும் குளவியும் அதற்குப் பிறகு வரட்டும்.

அன்புடன்.