கத்துகிறவர் டாக்டர், பயிற்சி நர்ஸுகளுக்கா?

கேள்வி: பாளையங்கோட்டையில் 70 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டெண்டாக இருக்கிறேன். வாரம் மூன்று நாள் வந்துபோகும் சர்ஜன் ஒருவர் நோயாளிகள் முன்னாலேயே ஸ்டாஃப் நர்ஸுகளை 'ஏ முண்டம்' என்கிறார். ஆபரேஷன் தியேட்டரில் கருவி வைக்கும் கிட்னி டிரேயைத் தூக்கி எறிகிறார். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஆறு மாதம்கூட நிற்பதில்லை. முதலாளி டாக்டரிடம் சொன்னால், 'அவரு போனா கேஸ் போயிரும், பிள்ளைகள நீங்கதான் பாத்துக்கிடணும்' என்கிறார். இப்போது சென்னை நிறுவனம் ஒன்று ஒருநாள் 'பணியிடப் பண்பாட்டுப் பயிற்சி', சான்றிதழ், பாலியல் புகார்க் குழு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் செய்து தருவதாகச் சொல்கிறது. இதனால் பலன் உண்டா? இல்லை, நான் வேலையை விட்டுவிடுவதே நல்லதா?

பதில்:

சிஸ்டர், அந்த ஒன்றரை லட்சத்தை உங்கள் முதலாளி கொடுக்காமல் இருக்க உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். பயிற்சி நாளன்று ஹாலில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் வந்த பிள்ளைகள், ரிசப்ஷன் பெண்கள், லேப் பையன், இரண்டு ஆயாம்மாக்கள். சர்ஜன் வரமாட்டார், அவருக்கு அன்றைக்கு வேறு ஊரில் கேஸ் இருக்கும். காய்ச்சல்காரரை விட்டுவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஊசி போடுகிற வேலை இது. திட்டு வாங்குகிறவர்களை உட்காரவைத்து, 'மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி' என்று படம் காட்டுவார்கள். மதியம் பிரியாணி, சாயங்காலம் குரூப் போட்டோ. சான்றிதழ் ரிசப்ஷனில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். அடுத்த அறுவை சிகிச்சை நாளில் டிரே மறுபடி பறக்கும்.

இந்த வியாபாரத்தைப் பற்றி எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. மருத்துவமனைகளுக்கான தேசியத் தரச்சான்றான என்ஏபிஹெச் வாங்க வேண்டும் என்று மருத்துவமனைகள் கிளம்பியதும் இவர்களும் கிளம்பிவிட்டார்கள். 'பணியாளர் நலக் கொள்கை', 'குறைதீர்ப்பு நடைமுறை' என்று ஸ்பைரல் பைண்டிங் போட்ட கோப்பு ஒன்று தருவார்கள். உள்ளே வேறு ஊர் மருத்துவமனையின் பெயரைக்கூட மாற்றாமல் விட்ட கோப்பைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு வருகிறவர்கள் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அதோடு சரி. வார்டில் நிற்கிற பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, 'உன்னை யாராவது திட்டினால் யாரிடம் போய்ச் சொல்வாய்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கோப்பின் லட்சணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் கேட்பதில்லை.

உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். ஒரு மருத்துவமனையின் பண்பாடு என்பது, டிரே பறந்த அன்று சாயங்காலம் முதலாளி என்ன செய்கிறார் என்பதுதான். அவர் கேட்டும் கேட்காதது போல இருந்தால், கத்துவதற்கு அனுமதி உண்டு என்று எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது சர்ஜனை அல்ல, முதலாளியை. அவரிடம் 'பிள்ளைகள் அழுகிறார்கள்' என்று போனால் வேலை நடக்காது. அவருக்குப் புரிகிற இரண்டு பாஷைகளில் போங்கள்: நோயாளிக்கு வரும் ஆபத்து, பணம்.

ஆபத்தை இப்படிச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணி. கேஸ் ஷீட்டில் இன்சுலின் பத்து யூனிட் என்று எழுதியிருக்கிறது. யூனிட் என்பதற்கு ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் 10-ஐ ஒட்டிக் கிறுக்கியதில், அது சுழித்துப் பூஜ்யமாகி 100 போலத் தெரிகிறது. இது உலகம் முழுக்க மருந்துத் தவறுகளில் பேர்பெற்ற பொறி. அந்த எழுத்தைச் சுருக்கி எழுதாதீர்கள், முழுச் சொல்லையும் எழுதுங்கள் என்று மருத்துவமனைகளில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். டூட்டியில் இருக்கும் பிள்ளைக்குச் சந்தேகம் வருகிறது. போன் போட்டால் சர்ஜன் என்ன சொல்வார் என்று தெரியும். போன வாரம் அப்படிப் போன் போட்டவள் மறுநாள் ரவுண்ட்ஸில் பட்ட பாடும் தெரியும். போன் போடுவாளா, தானே ஊகித்துக்கொள்வாளா? அவள் ஊகித்துக்கொண்டால் வழக்கு முதலாளி பெயரில் வரும், சர்ஜன் பெயரில் மட்டும் அல்ல.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2015-இல் இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களுக்கு, நிஜம் போன்ற செயற்கைச் சூழலில் ஒரு நோய்நிலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக் குழுக்களிடம் ஒரு நிபுணர் இடையிடையே மட்டம் தட்டிப் பேசினார், மற்றவர்களிடம் சாதாரணமாகப் பேசினார். மட்டம் தட்டப்பட்டவர்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கினார்கள். ஒருவரிடம் ஒருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோயிருந்தது. அவர் கத்தக்கூட இல்லை, எகத்தாளமாகப் பேசியதோடு சரி.

பணக்கணக்கு இன்னும் சுலபம். போன ஒரு வருஷத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் தனியாக ஒரு வார்டைப் பார்க்கும் அளவுக்குத் தேற எத்தனை வாரச் சம்பளம் போகிறது, அந்த வாரங்களில் பழைய ஆட்களுக்கு எவ்வளவு டபுள் டூட்டி விழுகிறது என்று பக்கத்தில் போடுங்கள். 'கேஸ் போயிரும்' என்பதற்கு எதிரில் இந்தத் தொகையும் இருக்கட்டும். இன்னொன்றும் முதலாளியிடம் சொல்லலாம். இப்படிக் கத்துகிறவர்களில் பலர் பெரிய கார்ப்பரேட் மருத்துவமனையில் கேஸ் செய்யும்போது வாயையும் கையையும் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இடம் பார்த்து வருகிற கோபம் அது. இங்கே செல்லுபடியாகாது என்று தெரிந்தால் அடங்கும். அதற்காக அவர் ஊரை விட்டுப் போய்விட மாட்டார்.

முதலாளியிடம் கேட்க வேண்டியவை பெரிதாக ஒன்றும் இல்லை. வந்துபோகும் டாக்டர்களோடு போடும் ஒப்பந்தக் கடிதத்தில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: ஊழியரை இழிவாகப் பேசினாலோ பொருளை எறிந்தாலோ முதலில் நேரில் பேச்சு, அடுத்து எழுத்தில் எச்சரிக்கை, அதற்கும் மேல் தியேட்டர் அனுமதி நிறுத்தம். பேச்சு அன்றைக்கே நடக்க வேண்டும், முதலாளியே நடத்த வேண்டும், அறைக்குள் இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டும். உங்களைத் தூது அனுப்பினால் மறுத்துவிடுங்கள். நம் ஊரில் இதுதான் வழக்கம்: 'நீங்களே பக்குவமா ஒரு வார்த்த சொல்லிருங்க சிஸ்டர்.' நீங்கள் சொன்னால் அது புகார், அவர் சொன்னால்தான் விதி.

தியேட்டரில் உங்களுக்கு ஏற்கெனவே ஓர் ஆயுதம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைத்தான் சொல்கிறேன். மொத்தம் 19 அம்சங்கள். கத்தி வைப்பதற்கு முன் சர்ஜன், மயக்க மருத்துவர், நர்ஸ் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2009-இல் முடிவு வெளியானது. உங்கள் மருத்துவமனையிலும் அந்தத் தாள் இருக்கும். சாயங்காலம் ஒரே பேனாவால் வரிசையாக டிக் அடிக்கப்பட்டிருக்கும். அதை நிஜமாகவே உரக்கப் படிக்க வையுங்கள், மயக்க மருத்துவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி அறிமுகமான பெண்ணைப் பத்து நிமிஷம் கழித்து 'முண்டம்' என்பது கொஞ்சம் சிரமம்.

இதற்கிடையில் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள், அதனால் தடைப்பட்ட வேலை. 'மோசமாகப் பேசினார்' என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. 'காலை 11.20, இரண்டாம் தியேட்டர், டிரேயை எறிந்தார், கருவிகளை மறுபடி ஸ்டெரிலைஸ் செய்யும்வரை நோயாளி மயக்கத்தில் காத்திருந்தார்' என்று எழுதினால் எந்த முதலாளியும் நிமிர்ந்து உட்காருவார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பக்கமும் பார்க்க வேண்டும். சர்ஜன் இன்சார்ஜ் சிஸ்டரைத் திட்டுகிறார், இன்சார்ஜ் புதுப்பிள்ளையைத் திட்டுகிறார், புதுப்பிள்ளை தன் அம்மா வயசு ஆயாம்மாவை 'ஏட்டி, இங்க வா' என்கிறாள். வார்டுக்கு வருகிற நோயாளியை ஆச்சி, அண்ணாச்சி என்று வாய்நிறையக் கூப்பிடுகிற ஊர் இது. துப்புரவுப் பெண்ணிடம் மட்டும் அந்த மரியாதை எங்கே போகிறது? சேர்ந்த முதல் நாளே ஓய்வறையில் 'எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீட்டுப் பிள்ள?' என்று விசாரிப்பது எதற்காக என்று நம் மாவட்டத்தில் விளக்க வேண்டியதில்லை. பதில் தெரிந்த பிறகு பெட்பேன் வேலை யாருக்கு அதிகம் விழுகிறது, ஓய்வறையில் யார் தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள் என்று டூட்டி ரோஸ்டரையும் வைத்துக்கொண்டு பாருங்கள். இதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை, ரோஸ்டர் உங்கள் கையில் இருக்கிறது.

இனி அந்தப் புகார்க் குழு. பயிற்சிக்காரர்கள் வேண்டுமென்றே குழப்புகிற இடம் இது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும். டிரேயை எறிவது அதற்குள் வராது. இரட்டை அர்த்தப் பேச்சு, வேண்டாத தொடுதல், 'ராத்திரி போன் பண்ணு' என்பதெல்லாம் வரும். வந்துபோகும் டாக்டர் மீதும் புகார் கொடுக்கலாம். பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் உங்கள் இடத்தில் குழு கட்டாயம். இல்லாவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. ஊழியர்களிலேயே மூத்த பெண் ஒருவர் தலைமை, ஊழியரிலிருந்து குறைந்தது இரண்டு உறுப்பினர், பெண்கள் விஷயத்தில் பணியாற்றும் வெளியாள் ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். நிர்வாகம் எழுத்தில் ஓர் உத்தரவு போட்டால் முடிந்தது. இதற்கா லட்சக்கணக்கு? புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து மருத்துவமனைகளின் அமைப்பே அப்படி. டாக்டர் முதலாளி, அவர் மனைவி நிர்வாகம், மைத்துனர் மருந்துக்கடை, தம்பி கேண்டீன். இப்படிப்பட்ட இடத்தில் குழுத் தலைவியாக அந்த அம்மாவையே போட்டுவிடுவார்கள். அவர் பங்குதாரராக இருந்தால் அவரே முதலாளி, ஊழியர் அல்ல. சரி, புகாரே முதலாளி மீது என்றால்? அதை உள்குழு விசாரிக்கவே கூடாது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். உங்களுக்குக் கொக்கிரகுளத்தில் இருக்கும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம். தென்காசி 2019-இல் தனி மாவட்டமானதால் அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அங்கே. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னக் கிளினிக்குகளுக்கும் இதே குழுதான். நேரில் போக முடியாவிட்டால், புகாரை வாங்கி ஏழு நாளில் குழுவுக்கு அனுப்ப வட்டார, நகராட்சி அளவில் பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2013-இல் வந்த சட்டத்துக்கு, இந்தக் குழுவை அமைக்க வேண்டிய மாவட்ட அதிகாரிகளை நியமியுங்கள் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கெடு வைக்க வேண்டியிருந்தது என்றால், நடுவில் பதினோரு வருஷம் அரசுகள் என்ன செய்துகொண்டிருந்தன? ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினால் அசராதீர்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நோட்டில் சம்பவங்கள் சேர்ந்து, கணக்குத் தாளோடு முதலாளி முன்னால் ஒருமுறை உட்கார்ந்த பிறகும் அவர் 'கேஸ் போயிரும்' என்றே சொன்னால் அப்போது முடிவெடுங்கள். அந்த உட்காரலில் சம்பளத்தையும் பேசிவிடுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 முதல் 100 படுக்கை வரையுள்ள தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ் சம்பளம் அரசு நர்ஸின் சம்பளத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று 2016-இலேயே பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது, ஆனாலும் சொல்லிவையுங்கள்.

எந்த முடிவானாலும், சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்கள் மருத்துவமனை பீரோவில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், உங்களுடையதும் பிள்ளைகளுடையதும். அவற்றைப் பிடித்து வைக்க நிர்வாகத்துக்கு எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி இந்த வாரமே கடிதம் கொடுங்கள். பயிற்சி, குழு பற்றிய பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். பீரோச் சாவி அவர்கள் கையில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் உங்கள் நோட்டில் சாட்சியாகத் தன் பெயரை எழுதச் சம்மதிக்காது.