யானைமலை எரிமலையா? எரிமலையே இல்லாத மதுரையில் கிரானைட் எப்படி வந்தது?

ஒத்தக்கடை வழியாகப் போகும்போது யானைமலையைப் பார்த்து இந்தச் சந்தேகம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கிரானைட் உருகி உறைந்த கல்தான். ஆனால் அதற்கு எரிமலை தேவையில்லை. கண்டத்தின் மேலோடே தன் சூட்டில் உருகும்.

ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டு, நாலு நாள் கழித்து உள்ளே கையை விட்டிருக்கிறீர்களா? சுடும். யாரும் தீ வைக்கவில்லை. உள்ளே பிறந்த சூடு வெளியேற வழியில்லை, அவ்வளவுதான். இரண்டு கண்டங்கள் மோதும்போதும் கிட்டத்தட்ட இதே கதைதான். 35-40 கிலோமீட்டர் இருந்த மேலோடு மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, 70 கிலோமீட்டர் வரை தடிக்கிறது. பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைந்து தரும் வெப்பம் அடியில் தேங்குகிறது. அவசரமே கிடையாது. இமயமலையில் மோதல் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன். மனாஸ்லு சிகரத்தின் வெள்ளை கிரானைட் உருவானது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்.

சூடு மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். நீர் இருந்தால் 650 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே பாறை இளக ஆரம்பிக்கும். அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் ஏது? காக்காப்பொன்னில் இருக்கிறது. அந்தக் கருப்பு மைக்காவின் படிகத்துக்குள் அடைபட்ட நீர், 800 டிகிரியை ஒட்டி அது சிதையும்போது உருகலில் சேர்ந்துகொள்ளும்.

அப்போதும் பாறை முழுசாக உருகாது. குச்சி ஐஸை உறிஞ்சினால் இனிப்பும் கலரும் முதலில் வந்து, வெறும் ஐஸ் கையில் நிற்குமே, அப்படி. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர் கனிமங்களாக ஆகப்போகும் சரக்கு முதலில் வடியும். இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கருப்புச் சரக்கு தங்கிவிடும். வடிந்தது எடை குறைவு என்பதால் விரிசல் வழியே மேலேறி, எங்கோ தேங்கி, மெல்ல ஆறி, பெரிய பெரிய படிகங்களோடு கிரானைட் ஆகும்.

சரி, மதுரைக்கு வருவோம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டியபோது இந்தப் பகுதிப் பாறைகள் ஆழத்தில் வெந்தன. சில இடங்களில் 900 டிகிரிக்கும் மேல். மேலே இருந்த மலை அரித்துப்போய், அந்த அடுப்படி இன்று வெளியே தெரிகிறது. அதனால் ஒரு திருத்தம்: கடைக்காரர் கிரானைட் என்று விற்கும் நம்மூர்க் கல்லில் பெரும்பகுதி புவியியல் கணக்கில் நைஸ், சார்னோக்கைட் என்ற, ஆழத்துச் சூட்டில் வெந்த வேறு பாறைகள்தான். பாதி உருகி, அப்படியே இறுகியவையும் அதில் நிறைய.

என் சித்தப்பா மேலூர்ப் பக்கக் கல்குவாரியில் உளி பிடித்தவர். வரி பார்த்துத்தான் கல்லைப் பிளப்பார். அந்த வெள்ளை வரி, வடியக் கிளம்பி வழியிலேயே நின்றுபோன உருகல். அதன் ஓரத்துக் கருப்புக் கோடு, உருகாமல் தங்கிய மிச்சம். உங்கள் வீட்டுச் சமையல் மேடையில் வெள்ளைக் கல் பதித்திருந்தால், சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அநேகமாக அது கார்னெட் என்ற கனிமம், காக்காப்பொன் சிதைந்தபோது பிறந்தது. கறை என்று நினைத்து எங்கள் அம்மா அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.