விற்க விரும்பாதவர் விற்காமல் இருந்துவிட முடியுமா?

"நகரம் வளர்கிறது, மனை விலை ஏறுகிறது. விருப்பமில்லாத விவசாயி விற்காமல் இருக்கலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவுக்கு விருப்பமில்லை. ஆனாலும் விற்றார்.

செங்கல்பட்டுப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்தது. ஏரிப்பாசனம். எங்கள் ஆயக்கட்டில், அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் வயல்பரப்பில், ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மதகிலிருந்து வரும் தண்ணீர் மேல்வயலில் நிறைந்து, வரப்பில் வெட்டிய மடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும். ஏழெட்டுப் பேர் வயலைத் தாண்டித்தான் எங்களிடம் வரும்.

மேலே இருந்த மூன்று பேர் விற்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்கு மகள் கல்யாணம், இன்னொருவருக்குக் கடன். மனைக் கணக்கில் ஓர் ஏக்கர் என்றால் 18 கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). மனை விலையில் கிடைக்கும் பணத்தை நெல் விற்று அவர்கள் எந்தக் காலத்திலும் பார்த்திருக்க முடியாது. வாங்கியவர்கள் நான்கடி உயரத்துக்குக் கிராவல் கொட்டினார்கள். மடை மூடிப்போனது. ஐப்பசி மழையில் அந்த மேட்டிலிருந்து வடிந்த வெள்ளம் எங்கள் நடவை மூழ்கடித்தது. மார்கழியில் கதிர் பால்பிடிக்கும்போதோ சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பா போர்வெல் போட்டார். பிறகு கம்பிவேலி வந்து, அறுவடை இயந்திரம் போக வழியில்லாமல் போனது. சுற்றிலும் பயிர் இல்லாததால் எலிகள் எல்லாம் எங்கள் வயலுக்கே வந்தன. நான்கு வருடம் தாக்குப்பிடித்து, 2011-ல் கையெழுத்துப் போட்டார். கிரயம் முடிந்த பிறகும் இரண்டு மழைக்காலம் மதகைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-ல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்த வழிசெய்தன. அதற்குள் எங்கள் வயலில் மனை எல்லைக்கான மஞ்சள் கல் நட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. இன்றும் அங்கே இரண்டே வீடுகள். மற்ற மனைகள் முதலீடாக வாங்கிப் போட்டவை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. நிலம் போனதைவிட, அது யாருக்கும் பயன்படாமல் கிடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்க 2022-ல் அரசு ஆணையிட்டது. அந்த எல்லைக்குள் இன்னும் எத்தனையோ ஏரிகளுக்குக் கீழே நெல் விளைகிறது. அங்கே சர்வே எண் வாரியாக மனை அனுமதி கொடுத்துக்கொண்டே போனால், எங்களுக்கு நடந்ததுதான் அவர்களுக்கும் நடக்கும். ஓர் ஏரியின் ஆயக்கட்டு முழுவதையும் ஒரே நிலமாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நீங்கள் மனை வாங்குவதாக இருந்தால், பட்டாவில் நன்செய் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஒரு மழைநாளில் நேரில் போய், பக்கத்து வயல்காரரிடம் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள்.