ஹாங்காங்கிலிருந்து டோக்கியோ போக 4 மணி நேரம், திரும்ப மட்டும் ஏன் 5?

தூரம் இரு பக்கமும் சுமார் 2,900 கி.மீ. தான். வித்தியாசம் காற்றில் இருக்கிறது. ஏறக்குறைய 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறுபோல ஓடுகிறது. இதைத் தாரைக்காற்று என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது உடனே புரியும்: அதே சாலை, அதே கால், ஆனால் வீடு வந்து சேர நேரமாகும்.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டோக்கியோ கடிகாரம் 1 மணி நேரம் முந்தி ஓடுவதால், கழித்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகத் தெரியும். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பூமியோடு சேர்ந்து காற்றும் விமானமும் சுழல்கின்றன.