தனியே இறங்கியவர்

அன்புள்ள ஐயா,

சென்ற அக்டோபரில் கல்லூரி நண்பர்கள் நால்வர் முதுகுப்பைகளோடு நேபாளம் சென்றோம். கோரக்பூர் வரை ரயில். சுனௌலி எல்லையை நடந்தே கடந்து பொக்காராவுக்குப் பேருந்து. பிறகு அன்னபூர்ணா சுற்றுப்பாதை. வழியில் பேருந்து பழுதாகி ஓர் இரவு நின்றது, மண்சரிவால் அரைநாள் போயிற்று, செலவுக் கணக்கில் சண்டையும் வந்தது. விடுமுறை குறைவு என்பதால் பெசிசஹரிலிருந்து மனாங்கிற்கு ஒரே நாளில் ஜீப்பில் போய், மறுநாளே நடக்கத் தொடங்கினோம். யாக் கார்காவில் ஒருவனுக்குக் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தன. "எனக்கு ஒன்றுமில்லை, எனக்காக யாரும் நிற்க வேண்டாம், நான் மெதுவாக இறங்கிக்கொள்கிறேன்" என்று அவனே சொன்னான். வழிகாட்டி தயங்கினார், நாங்கள்தான் அவரைச் சம்மதிக்க வைத்து எங்களோடு அழைத்துச் சென்றோம். தோரோங் கணவாயைக் கடந்து முக்திநாத்தின் 108 தாரைகளிலும் நீராடியது என் வாழ்வின் மகத்தான நாள். மூன்று நாட்கள் கழித்துப் பொக்காராவில் அவனைச் சந்தித்தோம். நலமாகவே இருந்தான். ஆனால் ஊர் திரும்பியதும் எங்கள் வாட்ஸப் குழுவிலிருந்து விலகிவிட்டான். அழைத்தால் ஓரிரு சொற்களில் பேச்சை முடித்துக்கொள்கிறான். நண்பர்களோடு பயணம் செய்வது நட்பைக் கெடுக்குமா? இனித் தனியாகப் போவதுதான் நல்லதா? என் பயணக் கட்டுரையை இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான், 2008-இல் அதே பாதையில் என்னோடு நடந்த நண்பனிடம் தொலைபேசியில் பேசியிருந்தேன். பேச்சு முடியும் நேரத்தில் அவன் வழக்கம்போல், "என்னால்தானே உங்கள் இருவருக்கும் கணவாய் தவறிப்போனது" என்றான். அந்தச் சொல் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

செலவுக் கணக்குச் சண்டை ஒரு பொருட்டே அல்ல. பொதுப்பணத்தை ஒருவர் கையில் கொடுத்து, ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்று மதிப்பில் அன்றன்றைய செலவை எழுதி வைத்தால் அது தீர்ந்துவிடும். பழுதான பேருந்தும் மண்சரிவும் அந்த நாட்டின் சாலைகளில் போகிற எல்லோருக்கும் நேர்பவை. கட்டுரையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். முக்திநாத்துக்கு அதில் ஒன்பது பத்திகள் இருக்கின்றன. உங்கள் நண்பருக்கு இருப்பது ஒரே வரி: "உடல்நலக் குறைவால் ஒரு நண்பர் பாதியில் திரும்பிவிட்டார்." கடிதத்திலும் அப்படித்தான். அவர் எப்படி இறங்கினார் என்பதைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல்கூட இல்லை.

பெசிசஹரின் உயரம் ஏறத்தாழ 760 மீட்டர், மனாங்கின் உயரம் 3,540 மீட்டர். தொட்டபெட்டாவின் உச்சி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரமோ, அதைவிடக் கூடுதலான உயரத்தை நீங்கள் ஒரே பகலில் ஜீப்பில் உட்கார்ந்தபடி ஏறியிருக்கிறீர்கள். நாங்கள் போன காலத்தில் மனாங்கிற்கு ஜீப் பாதை கிடையாது. சாமே, பிசாங் என்று ஊர் ஊராகத் தங்கி, ஒரு வாரம் நடந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தோம். அந்த ஒரு வாரத்தில் கால்கள் நடந்துகொண்டிருக்க, உள்ளே மூச்சும் இரத்தமும் சிறுநீரகமும் குறைந்த காற்றுக்குத் தம்மைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டிருந்தன. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், முந்தைய இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் மறு இரவு படுக்கக் கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்தப் பாதையில் எதிர்ப்படும் கிழவியும் குதிரைக்காரரும் "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார்கள். மெதுவாக, மெதுவாக. விடுமுறை போதவில்லை என்றால் மனாங்கோடு திரும்பியிருக்க வேண்டும், அல்லது வேறு ஊருக்குப் போயிருக்க வேண்டும். உங்கள் அலுவலகம் கொடுத்த பன்னிரண்டு நாட்களுக்காக உங்கள் நண்பரின் மூளை வேகமாகப் பழகிக்கொள்ளாது. நால்வரில் அவருக்கு மட்டும் இந்த உயரநோய் வந்ததற்கு அவருடைய பலவீனம் காரணமல்ல. நல்ல உடற்கட்டுள்ள இளைஞரையும் அது பிடிக்கும். யாரைப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதையும் அறியாமை என்று மன்னித்துவிடுவேன். நான் மன்னிக்கத் தயங்குவது, "அவனே சொன்னான்" என்ற உங்கள் வாக்கியத்தை. உங்கள் கடிதம் முழுவதும் அதன்மேல்தான் சாய்ந்து நிற்கிறது.

ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் என்ற அமைப்பு மனாங்கில் ஒரு மருத்துவ உதவி மையத்தை நடத்துகிறது. மலையேறும் பருவத்தில் தன்னார்வ மருத்துவர்கள் அங்கே தங்கி, பிற்பகல்களில் பயணிகளுக்கு உயரநோயைப் பற்றி வகுப்பெடுப்பார்கள். நாங்கள் மூவரும் அதில் உட்கார்ந்திருந்தோம். அந்த மருத்துவர் தரையில் ஒரு நேர்கோட்டைக் காட்டி, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்களோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும், விடியும்வரை காத்திருக்காமல் உடனே இறங்க வேண்டும், துணையில்லாமல் இறக்கக் கூடாது என்றார்.

இரண்டு இரவுகள் கழித்து, 4,400 மீட்டருக்கும் மேலே, கணவாயின் அடிவாரத்தில் உள்ள தோரோங் பேதி என்ற இடத்தில், என் நண்பன் காலணிக் கயிற்றை அவிழ்க்க நெடுநேரம் போராடுவதைப் பார்த்தேன். பருப்பும் சோறுமான தால்பாத் தட்டைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, "எனக்கு ஒன்றுமில்லை, தூங்கினால் சரியாகிவிடும்" என்று எரிந்து விழுந்தான். அதிர்ந்து பேசியே அறியாதவன் அவன். விடுதியின் பலகைத் தரையில் இரண்டு பலகைகள் சேரும் கோட்டைக் காட்டி நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டான். எங்களோடு வந்த மூன்றாமவனுக்கு என்மேல் கடுங்கோபம். விடிந்தால் கணவாய், அதற்காக இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தவன் அவன். வெறும் தலைவலிக்காக எல்லாவற்றையும் பாழாக்குகிறாய் என்று கத்தினான். ஆனால் கத்தி முடித்ததும், நோயாளியின் பையைத் தன் பையின் மேல் கட்டித் தூக்கிக்கொண்டான். விடுதிப் பையன் விளக்கோடு முன்னே நடக்க, நான் நண்பனின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, சரளைக்கற்கள் சரியும் அந்தச் சரிவில் இரவில் இறங்கினோம். யாக் கார்கா வந்துசேரும் வரை மூன்றாமவன் ஒரு சொல் பேசவில்லை. வழி நெடுக இரண்டு பைகளையும் அவனே சுமந்தான்.

காலையில் பூண்டு சூப்பைக் குடித்துக்கொண்டே நண்பன் என்னிடம் கேட்டான்: "நாம் ஏன் கீழே வந்தோம்?" முந்தைய இரவில் எதுவுமே அவன் நினைவில் இல்லை. கட்டிலில் படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்குக் கை நடுங்கியது.

ஆகவேதான் சொல்கிறேன்: காற்று குறைந்த உயரத்தில் நோய் முற்றும்போது அது முதலில் பறிப்பவற்றுள் ஒன்று, தனக்கு நோய் வந்திருக்கிறது என்று அறியும் புத்தி. அந்த நிலையில் இருப்பவரின் "ஒன்றுமில்லை" என்ற சொல்லை அவருடைய முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நண்பர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னதை அப்படியே ஏற்றீர்கள், ஏனென்றால் அது உங்களுக்கு வசதியாக இருந்தது. இதைக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மலையில் மட்டும் நடக்கும் விஷயமும் அல்ல இது. நம் வீடுகளில் ஆண் பிள்ளைகளை வளர்க்கும் முறையே இப்படித்தான் இருக்கிறது. பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டுகிறோம். காய்ச்சலோடு வேலைக்குப் போன அப்பாவைப் பெருமையாகப் பேசுகிறோம். நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என்று மறைத்தவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அப்படி வளர்ந்த ஒருவன் நான்கு பேர் நடுவில், தன்னால் மற்றவர்களின் பயணம் நிற்கப்போகிறது என்று தெரிந்தால், உயிர் போகும் நிலையிலும் "நீங்கள் போங்கள்" என்றுதான் சொல்வான். என் நண்பன் இத்தனை ஆண்டுகளாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே வளர்ப்பினால்தான். கணவாயை இழந்ததால் மனாங்கில் மூன்று நாட்கள் சும்மா இருந்தோம். மொட்டை மாடியில் வெயில் காய்ந்தபடி, எதிரே கங்காபூர்ணாவில் பனி சரியும் ஓசைக்காகக் காத்திருந்தோம். மூன்றாமவன் அங்கேதான் கோபம் தணிந்து சீட்டுக்கட்டை எடுத்தான். அந்த நாட்களுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் நோயுற்ற அந்த நண்பன் நம்புவதில்லை.

உங்களோடு இருந்தவர் ஒரே ஒரு வழிகாட்டி. அவரை உடல் நலமாக இருந்த மூவர் அழைத்துக்கொண்டு போனீர்கள். நோயாளி தனியாக இறங்கினார். வழிகாட்டி தயங்கியபோதாவது உங்களுக்கு உறைத்திருக்க வேண்டாமா? மனாங் வரை 500 மீட்டர் இறக்கம் தெளிந்த தலையோடு நடப்பவருக்குப் பெரிதல்ல. தலை சுற்றுபவர் ஒரு வளைவில் உட்கார்ந்துவிட்டால் யார் பார்ப்பார்? 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் எச்சம் இரண்டு நாட்களில் இதே கணவாயில் பனியாகக் கொட்டியது. அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் அவரும் இருந்த நாட்களில் வானம் அப்படி மாறியிருந்தால், அவரைத் தேடி ஓர் அடிகூட நீங்கள் எடுத்து வைத்திருக்க முடியாது.

தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது போகாதீர்கள், இப்போது போனால் அது அவரிடமிருந்து ஓடுவதாகத்தான் இருக்கும். அவரை நீங்கள் இழந்துவிட்டதாகவும் நான் நினைக்கவில்லை. ஒன்றும் உறுத்தாதவர் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டார். வழிகாட்டி தயங்கியதை மறைக்காமல் எழுதினீர்களே, அந்த நேர்மைக்காகத்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன்.

மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். தொலைபேசி வேண்டாம். முக்திநாத் படங்களைக் காட்டாதீர்கள். மன்னிப்பைக்கூட முதலில் கேட்க வேண்டாம். கேட்டால் அவர் உடனே "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவார், நீங்களும் மறுபடி நம்பிவிடுவீர்கள். அன்று காலை நீங்கள் மேலே திரும்பியதும் அவர் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றார், எங்கெங்கே உட்கார்ந்தார், தண்ணீர் இருந்ததா, வழியில் யாராவது கை கொடுத்தார்களா, மனாங்கில் அந்த இரவு எங்கே படுத்தார், பொக்காராவுக்கு யாரோடு வந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். அதன்பிறகு கட்டுரையைத் திருத்தி எனக்கு அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.